முழங்கையில் இரண்டு தட்டு

ஜனவரி 12

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் முழங்கால் மட்டும் யார் பேச்சையும் கேட்பதில்லை. நீ எப்படி இருக்கிறாய்? உன் போனை வாங்கி அலமாரியில் பூட்டி வைத்திருக்கிற வீட்டுக்காரம்மாவும் நலம்தானே? அவர் நலமாக இருந்தால்தான் நீ கொஞ்சம் உட்கார முடியும். அதற்காகக் கேட்கிறேன், பாசத்தில் அல்ல.

விஷயம் இதுதான். நாங்கள் ஒரு படம் எடுக்கிறோம். சிரிக்காதே. எல்லோரும் லாண்டரி ஆட்கள்தான். கதை நம் அத்தையின் கதை. இஸ்திரி மிஷினில் கை வெந்துபோய் வைத்தியத்துக்கு வழி கேட்டவளை, "நாளையிலிருந்து வரவேண்டாம்" என்று கேட்டிலேயே நிறுத்தி அனுப்பினார்களே, அது. பிறகு ஆள் பற்றாமல் அவர்களே திரும்பக் கூப்பிட்டார்கள். அதை யாரும் நல்ல மனசு என்று நினைக்கவேண்டாம். அத்தையாக நடிக்க வேறு ஆளைத் தேடலாமா என்று கேட்டேன். "என் கையை எவகிட்டடா இரவல் வாங்குவீங்க?" என்று கேட்டுவிட்டு, அவளே முதல் நாள் முதல் ஆளாக வந்து நின்றாள்.

கேமரா சுருட்டையிடம். உனக்குத் தெரியும், அழுக்குத்துணி பிரிக்கிற இடத்தில் நிற்பானே, அவன்தான். ஒரு கல்யாண வீடியோக்காரரிடம் இரவல் வாங்கி வந்திருக்கிறான். பாய்லர்காரப் பையன் சத்தத்தைப் பார்த்துக்கொள்கிறான், அதனால் இப்போது அவன் பெயர் மைக். லீவு நாளில் லாண்டரி கேட்டுக்கு வெளியே, ரோட்டில் நின்று எடுக்கிறோம். வாட்ச்மேன் வந்து கேட்டார். ரோடு யாருடைய அப்பன் வீட்டுச் சொத்து என்று நானும் கேட்டேன்.

கதையில் அத்தைக்கு ஒரு நாய். உன் பட்டன்தான் அந்த நாய். வீட்டில் இவளைப்போல் சமர்த்து கிடையாது. ஷூட்டிங் என்று வந்தால் ஏதோ பிடித்துக்கொள்கிறது. நட என்றால் பின்பக்கமாக நடக்கிறாள். நில் என்றால் செத்ததுபோல் பொத்தென்று விழுகிறாள். "இது நாயா, அரசாங்க ஆபீசா? கேக்கிறது ஒண்ணு, நடக்கிறது ஒண்ணு" என்கிறான் சுருட்டை. மூன்று லீவு நாள் வீணாகிவிட்டது. நீதானே வளர்த்தாய், வழி சொல்.

மார்ச்சோடு அந்த வெளிநாட்டு வீட்டில் உன் இரண்டு வருட ஒப்பந்தம் முடிகிறது. படத்தின் கடைசி ஷாட்டை நீ பக்கத்தில் நின்று பார்ப்பாய் என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்.

உன் தம்பி


ஜனவரி 30

அன்புத் தம்பிக்கு,

நலம். அம்மாவை மாடிப்படி ஏறவிடாதே. இங்கே நான் ஏறுகிற படிகள் நம் குடும்பம் மொத்தத்துக்கும் போதும்.

உன் கடிதத்தைப் படித்துத் தலையணையை வாயில் வைத்து அமுக்கிக்கொண்டு சிரித்தேன். பக்கத்து அறையில் வீட்டுக்காரம்மா தூங்குகிறார், அதனால்.

பட்டனை ஒன்றும் பிடித்துக்கொள்ளவில்லை. உங்களுக்குத்தான் கை நிற்கவில்லை. நீ வேனில் துணி ஏற்றி இறக்கிக்கொண்டு ஊர் சுற்றுகிறவன், உள்ளே நடப்பது உனக்குத் தெரியாது. அந்த மிஷின் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவள் கத்தினாலும் கேட்காது. அதனால் நாங்கள் கையால் பேசுவோம். முஷ்டியைத் தூக்கினால் மிஷினை நிறுத்து. காதைத் தொட்டால் சூடு, பின்னால் போ. முழங்கையில் இரண்டு விரலால் இரண்டு தட்டுத் தட்டினால் சூப்பர்வைசர் வருகிறார், ஒளி.

பட்டன் கண் திறந்ததே பாய்லருக்குப் பின்னால். ஒரு வருடம் அவளை அழுக்குத்துணி மூட்டைகளுக்குள் ஒளித்து வளர்த்தோம். எங்கள் கையைப் பார்த்துப் பார்த்துத்தான் அவள் பிழைத்தாள். முழங்கையைத் தட்டினால் துணியோடு துணியாகத் தரையில் ஒட்டிக்கொள்வாள். தூங்குகிற மாதிரி இருக்கும், ஆனால் ஒரு கண் திறந்தே இருக்கும். சூப்பர்வைசர் அவளைத் தாண்டிப் போயிருக்கிறார், தெரியுமா?

ஷூட்டிங்கில் பேசக்கூடாது, சத்தம் பதிவாகிவிடும். அதனால் உன் ஆட்கள் பழக்கதோஷத்தில் கையால் பேசிக்கொள்கிறார்கள், அது அவர்களுக்கே தெரியாது. மைக் தன் காதில் மாட்டியிருக்கிற ஹெட்போனைத் தொட்டுச் சரிசெய்யும்போதெல்லாம் பட்டன் பின்னால் போகிறாள், பார். நாய் சொன்னபடி கேட்கிறது. நீங்கள்தான் என்ன சொல்கிறோம் என்று தெரியாமல் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள்.

எல்லோரையும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கச் சொல். பட்டனுக்கு எதிரே ஒரே ஒரு ஆள் நிற்கட்டும். அவள் ஒருவருடைய கையை மட்டும் பார்க்கட்டும்.

அத்தையின் கை இப்போது மடங்குகிறதா? அதை எழுதாமல் விட்டுவிட்டாய்.

அன்புடன்,
அக்கா


பிப்ரவரி 18

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமே விழைகிறேன். அத்தைக்குச் சுண்டுவிரலும் அடுத்த விரலும் மடங்கவில்லை. மற்ற மூன்றை வைத்து எங்கள் எல்லோரையும் குட்டுகிறாள்.

நீ பெரிய டைரக்டர் போ. கடிதத்தை உரக்கப் படித்துக் காட்டினேன். படித்து முடிப்பதற்குள் மைக் காதைச் சொறிந்தான், பட்டன் எழுந்து பின்பக்கமாகவே நடந்துபோய்ச் சுவரில் முட்டிக்கொண்டாள். பிறகு யாரும் சந்தேகப்படவில்லை. இப்போது "ஆக்‌ஷன்" என்று நான் சொல்வதில்லை. "கை" என்கிறேன். எல்லோரும் கையை அக்குளில் சொருகிக்கொள்கிறார்கள். வாட்ச்மேன் பார்த்துவிட்டு, "என்னப்பா, எல்லாருக்கும் ஒரே நேரத்துல குளிரா?" என்றார்.

எதிரே நான் நிற்கிறேன். ஒரே நாளில் நாலு காட்சி முடித்தோம். அத்தையைக் கேட்டில் நிறுத்தி அனுப்புகிற இடத்தில் பட்டன் தரையோடு ஒட்டிக்கொண்டு, ஒரு கண்ணை மட்டும் திறந்து சூப்பர்வைசராக நடித்தவனைப் பார்த்தாள் பார், அப்படிப் பார்க்கச் சொல்லி எந்த நடிகனுக்கும் கற்றுக்கொடுக்க முடியாது. ஒரு லாண்டரிக்குள் எப்படி மூச்சுவிட்டார்கள் என்பது அந்த ஒரு கண்ணில் இருக்கிறது. இந்த ஊரில் நாங்கள் வெளுத்துக் கொடுக்கிற வெள்ளை விரிப்பில் படுக்கிறவர்கள் எல்லோரும் அந்தக் கண்ணைப் பார்க்கவேண்டும். அதற்காகவே இந்தப் படத்தை முடிப்பேன்.

இனி ஒரு ஷாட்தான் பெரிய பாக்கி. அத்தை திரும்பி வருகிறாள், பட்டன் ரோட்டின் அந்தக் கோடியிலிருந்து பறந்து வரவேண்டும். அத்தையிடம் பட்டன் வாலை ஆட்டுவாள், அவ்வளவுதான். பறக்கமாட்டாள். அத்தைதான் ஒரு யோசனை சொன்னாள். "அக்காகாரி ஷிப்ட் முடிஞ்சதும் கேட்டுல நின்னு ஒரு கை போடுவாளே, துணி பிழியிற மாதிரி முறுக்கி உதறுவாளே, அதைப் போடுடா. பறந்துக்கிட்டு வரும்." வேலை முடிந்தது, வீட்டுக்குப் போகலாம் என்கிற கையாமே அது.

உன்னைக் கேட்காமல் போடக்கூடாது என்று தோன்றியது. போடட்டுமா? ஜூன் கடைசிக்குள் படத்தைப் போட்டிக்கு அனுப்பவேண்டும். நீ மார்ச் கடைசியில் எந்தத் தேதியில் கிளம்புகிறாய்?

உன் தம்பி


மார்ச் 6

அன்புத் தம்பிக்கு,

நலம். அம்மா மருந்தை நேரத்துக்குச் சாப்பிடுகிறாளா?

போடாதே. அந்தக் கையை மட்டும் போடாதே.

கோபமாகச் சொல்லவில்லை, தெளிவாகச் சொல்கிறேன். மற்றவையெல்லாம் எல்லோருக்கும் பொதுவான கை. இதுவும் பொதுதான், ஆனால் பட்டனுக்கு அப்படி இல்லை. அவளைக் கண்டுபிடித்து லாண்டரிக்குள்ளிருந்து துரத்திய பிறகு, பகல் முழுக்கக் கேட்டுக்கு வெளியே கிடப்பாள். மாலையில் நான் வெளியே வந்து துணி பிழிகிற மாதிரி முறுக்கி உதறினால், அன்றைய நாள் முடிந்தது, இனி நான் அவளுடையவள். ஒரு நாள்கூட அந்தக் கையைப் போட்டுவிட்டு மறுபடி உள்ளே போனதில்லை. கூடுதல் வேலை பார் என்று கூப்பிட்டாலும் கையைப் போடாமல்தான் திரும்பிப் போவேன். அவளிடம் நான் பொய் சொல்லாத ஒரே இடம் அது. நீ அதைப் போட்டு அவள் ஓடி வந்து, அங்கே நான் இல்லை என்றால், அடுத்த முறை நானே போட்டாலும் நம்பமாட்டாள்.

ஷாட்டுக்காக வேறு ஏதாவது யோசி. உனக்கு மூளை இல்லாமல் இல்லை, சோம்பல்தான் அதிகம்.

இங்கே ஒரு மாற்றம். வீட்டுக்காரம்மாவின் பிள்ளைகள் வீட்டுக்கு ஒரு புது மேனேஜரை வைத்திருக்கிறார்கள். நம் பாஷை நன்றாகப் படிப்பார். அடுத்த வாரத்திலிருந்து கடிதங்களை ஒட்டாமல் அவரிடம் கொடுக்க வேண்டுமாம், அவரே ஒட்டி அனுப்புவாராம். வருகிற கடிதங்களும் அவர் வழியாகத்தான். இதைச் சமையல்காரரிடம் கொடுத்து அனுப்புகிறேன்.

வீட்டுக்காரம்மாவுக்கு உடம்பு கொஞ்சம் சரியில்லை. நேற்று முழுக்கப் படுக்கைதான்.

அத்தையின் விரல்களை வெந்நீரில் வைத்து மடக்கச் சொல்.

அன்புடன்,
அக்கா


மார்ச் 25

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மா நலம். அத்தை நலம். வீட்டுக்காரம்மாவுக்கு உடம்பு தேவலையா? எந்தத் தேதியில் கிளம்புகிறாய் என்று கேட்டிருந்தேன். நீ பதில் எழுதவில்லை. மறுபடி கேட்கிறேன்.

நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். நாங்கள் அந்தக் கையைப் போடவில்லை. ஆனால் போட்டாகிவிட்டது.

போன லீவு நாளில் அத்தையின் பெரிய காட்சி. கேட்டைப் பார்த்தபடி ஒரு வார்த்தை பேசாமல் நிற்கவேண்டும். எழுதியதெல்லாம் எதற்கு என்று தோன்றும்படி நின்றாள். "போதும்" என்றேன். எல்லோரும் அக்குளிலிருந்து கையை எடுத்தோம். அத்தைக்கு என்ன தோன்றியதோ, முப்பது வருடப் பழக்கம், வேலை முடிந்த நிம்மதி, எங்களைப் பார்த்துத் திரும்பி இரண்டு கையையும் முறுக்கி உதறினாள். ஒரு தொழிலாளி வேலை முடிந்தது என்று சொன்னாள், அவ்வளவுதான். அதில் யாரைக் குற்றம் சொல்ல?

பட்டன் ரோட்டின் அந்தக் கோடியில் இருந்தாள். அப்படி ஒரு நாய் ஓடி நான் பார்த்ததில்லை. எங்களைத் தாண்டி, அத்தையைத் தாண்டி நேராகக் கேட்டுக்குப் போனாள். கேட் மூடியிருந்தது. கம்பிக்குள் மூக்கை விட்டுக்கொண்டு நின்றாள். பிறகு உட்கார்ந்தாள். கூப்பிட்டோம், திரும்பவில்லை. கடைசியில் நானும் மைக்கும் தூக்கிக்கொண்டு வந்தோம். அத்தை வழியெல்லாம், "என் கையை அந்த மிஷினே முழுசா தின்னிருக்கலாம்டா" என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

மறுநாளிலிருந்து தினமும் மாலையில் அவளே கேட்டுக்குப் போய் உட்காருகிறாள்.

இன்னொன்று. சுருட்டை கேமராவை அணைக்கவில்லை. எல்லாம் பதிவாகியிருக்கிறது. ஓடுவது, மூக்கு, உட்காருவது, முதுகு. அக்கா, படத்துக்கு இதைவிட நல்ல முடிவை நான் எழுத முடியாது. அத்தை திரும்பி வருகிற கதையே பொய் என்று அந்த முதுகைப் பார்த்தபிறகு தெரிகிறது. இதைச் சொல்லும்போதே என்மேல் எனக்கு எரிச்சலாக இருக்கிறது. நீ வேண்டாம் என்றால் அழித்துவிடுவேன்.

உன் தம்பி


ஏப்ரல் 29

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? அம்மா தினமும் தபால்காரரை முறைக்கிறாள். அந்த மனிதர் இப்போது எங்கள் வீட்டு வாசலைத் தாண்டும்போது சைக்கிளை வேகமாக மிதிக்கிறார்.

மார்ச் போய்விட்டது. ஏப்ரலும் போகிறது. கோபமா? ஷாட்டுக்காகத் திட்டுவதென்றால் திட்டி எழுது. எழுதாமல் இருக்காதே.

உன் தம்பி


மே 10

அன்புள்ள தம்பிக்கு,

நான் மிகவும் நலமாக இருக்கிறேன். வீட்டில் எல்லோரும் என்னை மிகவும் நன்றாகப் பார்த்துக்கொள்கிறார்கள். வீட்டுக்காரம்மாவுக்கு என்னைவிட்டால் வேறு யாருடைய கையும் பழக்கமில்லை என்பதால் இன்னும் கொஞ்ச காலம் இருக்கும்படி அன்போடு சொல்லியிருக்கிறார்கள். எனக்கும் இங்கே எந்தக் குறையும் இல்லை.

ஷாட் பற்றி நீ கேட்டது. வைத்துக்கொள். எடுத்ததை அழிப்பதால் பட்டன் ஓடாமல் போய்விடமாட்டாள். அத்தையிடம் நான் வருத்தப்படவில்லை என்று சொல். அவளுக்கு வேலை முடிந்தது, அவள் சொன்னாள். சொல்ல உரிமையுள்ளவள். இனி ஷூட்டிங் முடிந்தால் காட்டுவதற்கு வேறு ஒரு கையைக் கண்டுபிடியுங்கள், அந்தக் கை வேண்டாம்.

பட்டனை நினைத்துக்கொள்கிறேன். முழங்கையில் இரண்டு தட்டுத் தட்டினால் எவ்வளவு நிம்மதியாகப் படுத்திருப்பாள், நினைவிருக்கிறதா? இங்கே எனக்கும் அதே நிம்மதிதான். மார்ச்சிலிருந்து அப்படியே இருக்கிறேன்.

அம்மாவுக்கு என் வணக்கம். அத்தையிடம் இந்தக் கடிதத்தை அவசியம் படித்துக் காட்டு.

அன்புடன்,
அக்கா


ஜூன் 2

அன்புள்ள அக்காவுக்கும், இதை அவளுக்கு முன்னால் பிரித்துப் படிக்கிற மேனேஜர் அவர்களுக்கும்,

இருவரும் நலமா? இங்கே அம்மா, அத்தை, பட்டன், லாண்டரி ஆட்கள் அனைவரும் மிக மிக நலம்.

உன் கடிதத்தை அத்தையிடம் படித்துக் காட்டினேன். "முழங்கையில் இரண்டு தட்டு" என்ற இடம் வந்ததும் என் கையிலிருந்து காகிதத்தைப் பிடுங்கினாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனாலும் அந்த வரியையே பார்த்துக்கொண்டு நின்றாள். "சேலையை மாத்திட்டு வர்றேன். கேமராவை எடுக்கச் சொல்லு" என்றாள்.

மேனேஜர் அவர்களுக்காக விளக்குகிறேன். எங்கள் லாண்டரியில் அந்தத் தட்டுக்கு, மேலே இருக்கிறவன் வருகிறான், மூச்சுக் காட்டாதே என்று அர்த்தம். நிம்மதி என்று அர்த்தம் இல்லை.

நேராக உன்னை அனுப்பிய ஏஜென்டின் ஆபீசுக்குப் போனோம். ஷிப்ட் முடிந்த கையோடு, நாங்கள் ஒரு கூட்டம், பட்டன், கேமரா. ஏஜென்ட் எழுந்து நின்றுவிட்டார்.

"என்னம்மா இது, கேமரா எல்லாம்?"

"சினிமா எடுக்கிறோம் சார்" என்றாள் அத்தை. "நீங்க நடிக்க வேண்டாம், உக்காருங்க. எங்க பொண்ணு எப்ப வருவா? அதை மட்டும் சொல்லுங்க."

"அவங்களே இன்னும் கொஞ்ச நாள் இருக்கேன்னு சொல்லிட்டாங்களாம்."

"யாருகிட்ட?"

"வீட்டுக்காரங்ககிட்ட."

"உங்ககிட்ட யாரு சொன்னா?"

"வீட்டுக்காரங்கதான்."

"அப்ப அவங்களே கேட்டு அவங்களே பதிலும் சொல்லிக்கிட்டாங்க. நல்லா இருக்கே. பாஸ்போர்ட் யாருகிட்ட இருக்கு?"

"பத்திரமா அவங்ககிட்டதான் இருக்கு."

"நீங்க உங்க வீட்டுச் சாவியை எங்ககிட்ட பத்திரமா குடுப்பீங்களா?"

ஏஜென்ட் என்னைப் பார்த்தார். நான் படித்தவன்போல் தெரிந்தேனோ என்னவோ. "தம்பி, இதெல்லாம் பொறுமையா பேசவேண்டிய விஷயம்" என்றார். "பொறுமையாகத்தான் சார் இருக்கிறோம், மெமரி கார்டில் நிறைய இடம் இருக்கிறது" என்றேன். சுருட்டை, "சார், முகத்துல வெளிச்சம் பத்தல, கொஞ்சம் ஜன்னல் பக்கம் திரும்புங்க" என்றான். அந்த மனிதர் திரும்பிவிட்டார், அக்கா.

அப்போதுதான் கொசு கடித்ததோ, வேர்த்ததோ, ஏஜென்ட் தன் முழங்கையை இரண்டு தட்டுத் தட்டினார். பட்டன் பொத்தென்று தரையில் ஒட்டிக்கொண்டாள், ஒரு கண் திறந்தபடி. எங்களுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஏஜென்டுக்கு ஏன் என்று புரியவில்லை. அத்தை மட்டும் சிரிக்கவில்லை. குனிந்து பட்டனைப் பார்த்தாள். நிமிர்ந்து, "சார், வருஷா வருஷம் எங்க லாண்டரியிலேருந்துதான் பொண்ணுங்களைக் கூட்டிட்டுப் போறீங்க. இவ வர்ற வரைக்கும் ஒருத்தி உங்க வாசப்படி மிதிக்கமாட்டா. நான் தினமும் இதே நாற்காலியில வந்து உக்காருவேன். இந்தக் கையில எனக்கு முழுசா மடங்குற விரல் மூணுதான் இருக்கு, அதையும் இங்கேயே மடக்கிக்கிட்டு உக்காருவேன்" என்றாள்.

உட்கார்ந்தாள். தினமும். முறைபோட்டு நாங்களும் உட்கார்ந்தோம். நேற்று அவர் எங்கள் எதிரிலேயே அந்த வீட்டுக்குப் போன் செய்தார். பேசியது எல்லாம் பதிவாகியிருக்கிறது. பாஸ்போர்ட்டும் டிக்கெட்டும் தருவதாக அவர்கள் சொன்னது உள்பட.

மேனேஜர் அவர்களே, படத்தை இந்த மாதம் அனுப்புகிறோம். அதில் ஏஜென்டும் ஜன்னல் ஓரம் அழகாக உட்கார்ந்திருக்கிறார். உங்களுக்கும் ஒரு நாற்காலி காலியாக இருக்கிறது. படித்து முடித்ததும் கடிதத்தை நன்றாக ஒட்டி என் அக்காவிடம் கொடுக்கவும்.

உன் தம்பி


ஜூலை 1

அன்புத் தம்பிக்கு,

நலம். இது பழைய நலம் அல்ல, நிஜ நலம்.

மேனேஜர் உன் கடிதத்தை என்னிடம் கொடுக்கும்போது முகத்தை நீ பார்த்திருக்கவேண்டும். ஒட்டித்தான் கொடுத்தார். பசை காயவில்லை.

பாஸ்போர்ட் இப்போது என் தலையணைக்கு அடியில் இருக்கிறது. வேறு ஆள் வந்ததும், ஆகஸ்ட் முதல் வாரத்தில் டிக்கெட். நாள் இன்னும் சொல்லவில்லை. வீட்டுக்காரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவருடைய பிள்ளைகள் பூட்டி வைத்தது என்னை மட்டும் இல்லை, அவரையும்தான்.

ஒன்று கேட்கிறேன், நேராகப் பதில் எழுது. மார்ச்சில் பட்டன் தினமும் கேட்டுக்குப் போகிறாள் என்று எழுதினாய். அதற்குப் பிறகு ஒரு கடிதத்திலும் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. ஏஜென்ட் ஆபீசில் அவள் படுத்ததை எழுதுகிறாய், கேட்டை எழுதவில்லை. போகிறாளா, இல்லையா?

அன்புடன்,
அக்கா


ஜூலை 22

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நேராகக் கேட்டாய், நேராகச் சொல்கிறேன். போவதில்லை. ஏப்ரல் பாதியில் நிறுத்திவிட்டாள். மாலையானால் நம் வீட்டு வாசலில் லாண்டரி கேட் இருக்கிற பக்கம் முதுகைக் காட்டிப் படுத்துக்கொள்கிறாள். லாண்டரி பெண்கள் ஷிப்ட் முடிந்து கையை உதறிக்கொண்டு எதிரில் வந்தால்கூட நிமிர்வதில்லை. நீ அங்கே அடைபட்டுக் கிடக்கும்போது இதை எப்படி எழுத? அதனால் எழுதவில்லை.

படம் தேர்வாகிவிட்டது. ஆகஸ்ட் முதல் வாரம் வெளியூரில் திரையிடுகிறார்கள், நான்கு நாள். நானும் சுருட்டையும் போகிறோம். நான் இல்லாத நாளாகப் பார்த்து வந்துவிடாதே. கேமராவோடு பஸ் நிறுத்தத்தில் நிற்கவேண்டும் என்று மாதக்கணக்காகக் காத்திருக்கிறேன். நீ கையைப் போட்டு, பட்டன் ஓடி வருகிற ஷாட். படத்தில் சேர்க்கப்போவதில்லை. எனக்கு வேண்டும்.

உன் தம்பி


ஆகஸ்ட் 5

அன்புத் தம்பிக்கு,

நலம். நீ இல்லாத நாளாகப் பார்த்துத்தான் வந்துவிட்டேன். வீட்டிலிருந்து எழுதுகிறேன். போன் கைக்கு வந்துவிட்டது, ஆனால் போனில் சொன்னால் குறுக்கே குறுக்கே பேசுவாய். இதை நீ வாயை மூடிக்கொண்டு படிக்கவேண்டும்.

நேற்று மாலை தெருமுனையில் இறங்கினேன். பட்டன் வாசலில் நீ எழுதியபடியே படுத்திருந்தாள். பெட்டியைக் கீழே வைத்தேன். வரும் வழியெல்லாம் நினைத்திருந்தபடி, இரண்டு கையையும் முறுக்கி உதறினேன். அவள் தலையைத் தூக்கிப் பார்த்தாள். மறுபடி தலையைத் தரையில் வைத்துக்கொண்டாள்.

இன்னொரு முறை போட்டேன். பார்க்கவே இல்லை.

கூப்பிட்டிருக்கலாம். தோன்றவில்லை. அவளிடம் நான் வாயால் பேசிப் பழக்கமே இல்லை. என்ன செய்வதென்று தெரியாமல், பழைய பழக்கம், என் விரல் தானாகப் போய் முழங்கையில் இரண்டு தட்டுத் தட்டியது. உடனே தரையில் ஒட்டிக்கொண்டாள். ஒரு கண் திறந்திருந்தது.

தம்பி, எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. வீட்டுக்குப் போகலாம் என்கிற கையை மறந்துவிட்டாள். மேலே இருக்கிறவன் வருகிறான், ஒளி என்பதை மறக்கவில்லை. அவளைச் சொல்லவில்லை, நானும் அப்படித்தான் இருந்தேன். மார்ச்சிலிருந்து ஒரு கண்ணைத் திறந்துகொண்டு படுத்திருந்தேன்.

அவள் பக்கத்தில் போய் மண்ணில் உட்கார்ந்தேன். எழுந்திரு என்று சொல்ல நினைத்தேன். அப்போதுதான் உறைத்தது. சூப்பர்வைசர் போய்விட்டார் என்று சொல்ல நம் லாண்டரியில் கையே கிடையாது. வருகிறார் என்பதற்கு இருக்கிறது. போய்விட்டார் என்பதை யாரும் நம்பியதில்லை, அதனால் அப்படி ஒரு கை தேவைப்படவில்லை.

நான் தட்டின இடத்தையே, முழங்கையில், தூசியைத் தட்டிவிடுவதுபோல் உள்ளங்கையால் துடைத்துவிட்டேன். அவள் பார்த்தாள். இன்னொரு முறை துடைத்தேன். பிறகு அவளுடைய முன்னங்காலில் முழங்கை இருக்கிற இடத்தையும் துடைத்தேன். மூக்கை நீட்டி என் கையை முகர்ந்தாள். விரல்களை, மணிக்கட்டை, முழங்கை வரைக்கும் மெதுவாக முகர்ந்துகொண்டே வந்தாள். அவசரப்படவில்லை. ஒருமுறை ஏமாந்தவள், சரிபார்த்துத்தானே நம்புவாள்.

மூடியிருந்த கண்ணும் திறந்தது. எழுந்து நின்றாள்.

அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று அம்மாவைக் கேள், என் சேலையைக் கேள். அத்தை சத்தம் கேட்டு ஓடி வந்து, "கேமரா எடுத்தவனெல்லாம் ஊருக்குப் போயாச்சே" என்று தலையில் அடித்துக்கொண்டாள். நல்லதுதான் என்றேன். நீ இருந்திருந்தால், வெளிச்சம் பத்தவில்லை, இன்னொருமுறை வா என்றிருப்பாய்.

ஷூட்டிங் முடிந்தால் காட்ட வேறு கை வேண்டும் என்று சொல்லியிருந்தேனே, இதை வைத்துக்கொள். இன்று காலை அத்தைக்குக் காட்டினேன். அந்த மூன்று விரலால் அவள் முழங்கையைத் துடைத்துப் பார்த்தாள். நாளை ஷிப்டில் உள்ளே எல்லோருக்கும் காட்டப்போகிறாளாம், சூப்பர்வைசர் முன்னாலேயே.

படம் பார்த்தவர்கள் என்ன சொன்னார்கள் என்று நீ வந்து சொல். பட்டன் பக்கத்தில்தான் நிற்கிறாள். உட்காரச் சொன்னேன், உட்காரமாட்டேன் என்கிறாள்.

அன்புடன்,
அக்கா